தெற்குப் படைக்குப் பனியன் கொடுத்த அண்ணனுக்கு

திருப்பூர்.
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் செங்கோட்டையன் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி மகுடேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டில் அனைவரும் நலம். அங்கே நீங்கள் நலம் என்பதைச் சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் கேட்கும் தும்மலை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். நடுவில் ஒரே சுவர்தான் என்றாலும், கம்பெனியைப் பாகம் பிரித்ததிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாத காரணத்தால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரர் தப்பித்தவறி என் வீட்டிலேயே போட்டுவிட்டால் மறுபடி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவேனே தவிர, உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பீர்கள். அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் நினைவாக மூன்று ஞாயிறுகள் வரலாற்றுச் சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தோம். எவனோ போட்ட சண்டை நமக்கெதற்கு என்று கேட்டவர்களுக்கு, அங்கே பருத்திக் கப்பல் நின்றதால்தான் அந்தக் காலத்தில் நம் நாட்டுப் பருத்திக்குக் கிராக்கி வந்தது என்று பேராசிரியை அனுசுயா முதல் கூட்டத்தில் அழகாக விளக்கினார். விளக்கம் அழகு, ஆள்தான் இல்லை. கேட்டவர்கள் நானும், நூலகரும், பேப்பர் படிக்க வந்து ஃபேனுக்கு அடியில் தூங்கிப்போன ஒருவரும். சும்மா கூப்பிட்டால் வராத ஜனம் பனியன் கொடுத்தால் வரும் என்று எனக்கு ஒரு யோசனை வந்து தொலைத்தது. வடக்குப் படைக்கு நீலச் சீருடை, தெற்குப் படைக்குச் சாம்பல் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். நீலம் என்னிடம் பையர் கேன்சல் செய்த ஆர்டரில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சாம்பல் உங்கள் குடோனில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். என் மகள் தரணிதான் பெரியப்பாவிடம் போய் நின்றாள். நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் பனியன் மூட்டையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதாக அவள் வந்து சொன்னபோது, மறைக்காமல் சொல்கிறேன், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இரண்டாவது கூட்டத்தன்று மூட்டையைப் பிரித்ததும் அந்தக் கும்பிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பனியன் முதுகிலும் ஒரு முழத்துக்கு ‘ஒரிஜினல் ரங்காத்தாள் நிட்ஸ்’ என்று பிரிண்ட் அடித்திருந்தீர்கள். ரங்காத்தாள் நம் இருவரையும் பெற்ற அம்மா. என் கம்பெனி போர்டிலும் அதே பெயர்தான். நீங்கள் ஒரிஜினல் என்றால் நான் என்ன, செகண்ட்ஸ் பீஸா?

ஆனாலும் கூட்டம் அள்ளியது. நீலம் இடப்பக்கம், சாம்பல் வலப்பக்கம் என்று உட்கார வைத்தோம். என் டெய்லர் அந்தோணிராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெற்கத்தி ஆள் தெற்குப் படையில் இருக்கட்டும் என்று நான்தான் அவருக்குச் சாம்பலைக் கொடுத்தேன். நீங்களும் ஒரு சாம்பல் பனியனை மாட்டிக்கொண்டு, அழையாத விருந்தாளியாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தீர்கள். பேராசிரியைக்குப் பேச்சு சூடு பிடித்தது. தெற்கே பண்ணைக்காரர்கள் மனிதர்களை அடிமையாக வைத்துப் பருத்தி எடுக்கவைத்தார்கள், அந்த அடிமைத்தனத்தைக் காப்பாற்றத்தான் போருக்கே போனார்கள் என்றார். அந்தோணிராஜ் எழுந்துவிட்டார். “ஏன் மொதலாளி, தெக்கத்திக்காரன்னா அடிமை வச்சவன் சட்டையத்தான் மாட்டி விடுவியளோ? எங்க தெக்கு வேற, அவனுவ தெக்கு வேறல்லா?” என்று கேட்டுவிட்டு, போட்டிருந்த பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவரைப் பார்த்து வலப்பக்கம் முழுவதும் கழற்ற ஆரம்பித்தது. நூலகம் கோயில் குளக்கரை மாதிரி ஆகிவிட்டது. நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதாவது நீங்கள் சும்மா இருந்தீர்களா? எழுந்து நின்று, “நிறுத்துங்க சாமி. எங்கம்மா பேரு போட்ட பனியனுங்க இது. இதப் போட்டவன் ஆரும் ஆரையும் அடிமை வெச்சதில்லீங்க. இவன் வேணும்னே எனக்குத் தோக்கற பக்கத்தக் குடுத்துப்போட்டானுங்க” என்று என்னைக் கை காட்டினீர்கள். “இல்லீங்ணா, கலர்தானுங்ணா அப்பிடி அமைஞ்சுபோச்சு” என்றேன். பாகம் பிரித்த பிறகு நமக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். அதற்குள் பனியனுக்காக வந்திருந்த சேவூர் மயில்சாமி, “அமெரிக்காக்காரன் கதை கெடக்கட்டும் உடுங்க, மொதல்ல இவீங்க பங்காளிச் சண்டையத் தீத்து உடுவோமுங்க” என்று நாற்காலியைத் திருப்பிப் போட, கூட்டம் அப்படியே பஞ்சாயத்தாகிவிட்டது. எந்தப் பக்கம் நியாயம் என்று பேராசிரியையிடமே கருத்துக் கேட்டார்கள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார்: “அடுத்த ஞாயித்துக்கெழமை ஹால் வேணும்னா அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சுல வந்து உக்காருங்க. இல்லீன்னா போரும் வேண்டாம், வாசகர் வட்டமும் வேண்டாம்.” கம்பெனியைத் தரணியிடம் விட்ட பிறகு எனக்கென்று இருப்பது அந்த வட்டம் ஒன்றுதான். அதுவும் போனால் நாள் முழுக்க நான் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அதில் சம்மதமில்லை. அதற்காக உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார என்னால் ஆகாது. நீங்கள் வரவே வேண்டாம். நடந்ததற்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டு நூலகருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இனி நமக்குள் பேச ஒன்றுமில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். நீங்கள் பிரஷர் மாத்திரையை விடாமல் போடவும். அவிநாசியப்பர் அருளால் இரு குடும்பமும் அவரவர் பக்கத்தில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வேறு வழியில்லாமல் உங்கள் தம்பி,
மகுடேஸ்வரன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அண்ணி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஞாயித்துக்கெழமை அந்தம்மா என்ன பேசுறாங்கன்னு உங்கண்ணன் கேக்கச் சொன்னாருங்க. அவரு கேட்டதாச் சொல்ல வேண்டாம்னாருங்க” என்றார். பேராசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டேன். போர் முடிந்த கதையாம். இரண்டு பக்கத்துத் தளபதிகளும் ஒரு வீட்டில் சந்தித்தபோது, முன்பு ஒரே ராணுவத்தில் இருந்த காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேச்சு சுவாரசியத்தில் எதற்கு வந்தோம் என்பதே ஜெயித்தவருக்கு மறந்துபோனதாம். தோற்றவர்தான் ஞாபகப்படுத்தினாராம். அண்ணா, இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. ஞாயிறு காலை கையிலேயே கொண்டுவருகிறேன், என் வண்டியிலேயே சேர்ந்து போவோம். எதற்கு வந்தேன் என்பதை மட்டும் நீங்கள் ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.