இருவாச்சியும் இறக்குமதி மரமும்

ஒரு காட்டில் மரத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்தக் காடு வெளியிலிருந்துதான் மரம் வாங்கியது. பைன் போன்ற மென்மரங்களை இறக்குமதி செய்வதுதான் வளர்ந்த காட்டுக்கு அடையாளம் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கே இறக்குமதி அதிகாரியாக வளைமூக்கன் என்ற இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் மனைவி மஞ்சணத்தி மரப்பொந்தில் முட்டையிட்டு, வாசலைப் பூசி அடைத்துவிட்டு உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தது. வாசலில் விட்ட சிறு பிளவு வழியாக வளைமூக்கன் ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு. அத்திமரங்களோ அரசுடைமை. வேலை போனால் அதிகாரிக்குக் கிடைக்கும் பழப்படியும் போய்விடும்.

ஒரு நாள் புலிராஜா கூப்பிட்டு அனுப்பியது.

"நம் மென்மர இறக்குமதி மதிப்பையும் ஆற்றுக்கு அக்கரையில் ஆளும் கரடியின் காட்டு மதிப்பையும் ஒப்பிட்டாயா?"

"ஒப்பிட்டேன் மகாராஜா. அவர்களுடையது கொஞ்சம் கூடுதல்."

"ஏன் கூடுதல்? போய்ப் பார்த்து வா."

வளைமூக்கன் ஆற்றைத் தாண்டிப் பறந்தது. அக்கரை அதிகாரி ஒரு காட்டுப்பன்றி.

"நீங்க மரம் எங்க வாங்குறீங்க சார்?"

"உங்ககிட்டதான்."

"நாங்க உங்ககிட்டல்ல வாங்குறோம்?"

இரண்டும் ஆற்றங்கரைக்கு நடந்தன. அங்கே ஒரே ஒரு பைன் கட்டை கிடந்தது. என்றோ வெள்ளத்தில் வந்தது. யாருக்கும் உதவாததால் இந்தக் காடு அதை அந்தக் காட்டுக்கு விற்கும். அந்தக் காடு திருப்பி விற்கும். ஒவ்வொரு தடவையும் ஆற்றில் அதைத் தள்ளிவரும் நீர்நாய்களின் கூலி மதிப்பில் ஏறும். உருண்டு உருண்டு அந்தக் கட்டை இப்போது ஒரு விரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கடைசியாக வாங்கியது கரடியின் காடு. அதனால்தான் அதன் மதிப்பு கூடுதல்.

"வெளிய சொல்லிராதீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றது காட்டுப்பன்றி.

வளைமூக்கனுக்கு மனசு கேட்கவில்லை. பொந்துக்குப் போய், "உண்மையைச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டது.

"சொல்லுங்க. முதல்ல அந்தப் பழத்தைக் குடுங்க" என்றது மஞ்சணத்தி.

மறுவாரம் கட்டை வழக்கம்போல இக்கரைக்கு வந்தது. வளைமூக்கன் அதை அரசவைக்குத் தூக்கிப்போய் எல்லாவற்றையும் சொன்னது. புலிராஜா கட்டையை வாங்கி யோசித்தபடியே பல் குத்தியது. கட்டை முறிந்து தொண்டைக்குள் போய்விட்டது.

"மென்மரம்தான்" என்றது புலி. "இனி நம் இறக்குமதி?"

"பூஜ்யம் மகாராஜா."

"கரடிக்கு?"

"அவருக்கும் பூஜ்யம்."

"அவனும் நானும் சமமா?"

வளைமூக்கன் சிறகைக்கூட அசைக்காமல் நின்றது.

"ஏன் மரம் மாதிரி நிற்கிறாய்?" என்று உறுமிய புலி, சட்டென்று நிறுத்தி அதை மூக்கிலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தது.

அன்று முதல் வளைமூக்கன் காலையில் யாருக்கும் தெரியாமல் அக்கரை போகும். மாலையில் இறக்குமதிக் கணக்கில் மென்மரமாகத் திரும்பி வரும். நீர்நாய்கள் முத்திரை குத்தி உள்ளே விடும்.

"வேலை போயிருச்சா?" என்று கேட்டது மஞ்சணத்தி.

"இல்ல. மரமாயிட்டேன்."

"பழப்படி?"

"மரத்துக்குக் கிடையாதாம். அக்கரையிலயே பறிச்சுட்டு வந்துட்டேன்."

"எல்லையில பிடிக்கலையா?"

"மரத்துல பழம் இருந்தா யாரு கேக்கப்போறா?" என்று பிளவு வழியாக ஊட்டியது வளைமூக்கன்.

அக்கரையில் காட்டுப்பன்றியும் நீந்தத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

நீதி: உண்மையைச் சொல்லிவிட்டு மரம்போல் நில், நாட்டின் வளர்ச்சியில் உன்னையும் சேர்த்துக்கொள்வார்கள்.