கோக்-தாஷ் மாவட்டம் வாயுவை வழியனுப்பிய விழா

உலகை யாராவது காப்பாற்றியே ஆகவேண்டும் என்று எல்லா நாடுகளும் மாநாடு மாநாடாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், கோக்-தாஷ் மாவட்டம் அந்த வேலையை ஒரே செவ்வாய்க்கிழமையில், காலை பதினொன்றுக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்குள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்து முடித்தது.

செய்து முடித்தவர் தாலாய் குபானிச்சோவிச். மாவட்டப் 'பசுமைக் குளிர்ச்சி' அலுவலகத்தின் இயக்குநர். அதைக் கெடுக்கப் பார்த்தவர் சோவெத்பெக். அதே அலுவலகத்தின் ஒரே மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ்.

மாவட்டத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் பதினெட்டுப் பழைய குளிர்பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஓடிய வாயு வெளியே போனால் ஓசோன் படலத்தை அரிக்கும், பூமியையும் சூடாக்கும். ஆகவே அவற்றை ஒழித்துவிட்டு, புரொப்பேன் வாயுவில் ஓடும் பதினெட்டுப் புதிய பெட்டிகள் வந்து இறங்கின. இயக்குநர் அவற்றைத் தீர ஆராய்ந்தார்.

"புரொப்பேன்னா அடுப்புல எரியிற கேஸ்தானே?"

"ஆமாங்கய்யா."

"அப்போ பால் குளிருமா, கொதிக்குமா?"

"குளிருங்க."

"எழுத்துல குடு."

சோவெத்பெக் எழுதிக் கொடுத்தார். அதற்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தார்கள்.

புதிய பெட்டிகளோடு ஒரு மீட்பு இயந்திரமும் வந்திருந்தது. பழைய வாயுவைக் கசியவிடாமல் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைப்பதற்கான இயந்திரம். அதை எப்படி இயக்குவது என்று தலைநகர் பிஷ்கெக்கில் பத்து நாள் பயிற்சி நடந்தது. போனவர்களில் மற்றவர்கள் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். சோவெத்பெக் பாடத்தையும் கவனித்துவிட்டார். அவருடைய தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

இயந்திரத்துக்கு உரிய மரியாதை கிடைத்தது. இயக்குநர் அறையின் கண்ணாடி அலமாரியில், குதிரைப் பந்தயக் கோப்பைக்கும் பூச்சாடிக்கும் நடுவில் அதை வைத்தார்கள்.

"வெளியே எடுத்தா அழுக்காயிடும்யா. சொத்துப் பதிவேட்டுல 'புதியது'ன்னு எழுதியாச்சு" என்றார் இயக்குநர்.

விழாக் குழு நான்கு முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்களில் நாடா பச்சையா நீலமா என்ற கேள்வி விவாதிக்கப்பட்டு, இளநீலப் பச்சை என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. நான்காவது கூட்டத்தில் இயக்குநருக்கு ஞானம் பிறந்தது.

"பழைய வாயுவை மக்கள் கண்ணெதிரே வழியனுப்புறோம். பதினெட்டுப் பெட்டி, பதினெட்டு வால்வு. ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் ஒரே நேரத்துல 'உஸ்ஸ்ஸ்'! பிஷ்கெக்லேர்ந்து வர்ற விருந்தாளி அசந்துடணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சோவெத்பெக் எழுந்து நின்றார்.

"ஐயா, அதை வெளியே விடக்கூடாதுன்னுதானே இத்தனை பாடும்?"

"எங்கே விடக்கூடாது?"

"ஆகாசத்துல."

"நாம விடப்போறது சந்தைத் திடல்லய்யா. உக்காரு."

இயக்குநர் வயிற்றுக்கு நல்லதென்று குதிரைப்பால் குடிக்க மூன்று நாள் மேய்ச்சல் மலைக்குப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பி மறைந்ததும் அலுவலக எழுத்தர் ரஹத் சாவிக்கொத்தைச் சோவெத்பெக்கின் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நான் டீ குடிக்கப் போறேன். மூணு நாள் குடிப்பேன். கண்ணாடி அலமாரிப் பக்கம் நான் திரும்பியே பாக்கல, சொல்லிட்டேன்."

மூன்று நாளில் சோவெத்பெக் பதினெட்டுப் பெட்டிகளின் வாயுவையும் உறிஞ்சி, இரண்டு சிலிண்டர்களில் அடைத்து, இயந்திரத்தைத் துடைத்துப் பூச்சாடிக்குப் பக்கத்தில் பழையபடி வைத்துவிட்டார். தன் சான்றிதழை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்க்க வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை ஒத்திகை. இயக்குநர் முதல் பெட்டியின் வால்வைத் திறந்தார். சத்தமில்லை. அடுத்ததைத் திறந்தார். ஐந்தாவது பெட்டியில் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"வாயு எங்கேய்யா?"

"சிலிண்டர்ல இருக்குங்க. ஒரு பொட்டு கசியல."

"அரசாங்க வாயுவைத் திருடினியா? குளிர் விட்டுப்போச்சா உனக்கு?"

குளிர்பெட்டி மெக்கானிக்கிடம் கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்டுவிட்டார்.

"திருடலைங்க. பயிற்சியில சொன்னபடி..."

"விதிப்படி வெளியேத்தணும்னா, முதல்ல அது விதிப்படி உள்ளே இருக்கணும். நாளைக் காலையில பதினெட்டுப் பெட்டியிலயும் வாயு இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல. மத்ததை போலீஸ் பாத்துக்கும்."

வீட்டில் சோவெத்பெக் ரொட்டியைத் தொடவில்லை. மனைவி சைரா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தை ஓசையோடு வைத்தாள்.

"இன்னும் நாலு வருஷத்துல பென்ஷன். போயும் போயும் ஒரு உஸ்ஸுக்காகவா அதை விடப்போறீங்க?"

"என்ன சொன்ன?"

"பென்ஷன்னு சொன்னேன்."

"அது இல்ல. அடுத்தது."

"உஸ்ஸு."

சோவெத்பெக் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அவர்களுக்கு வாயுவா வேண்டும்? சத்தம்தானே! குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கப் பட்டறையில் நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றில் முக்கால்வாசி அதுதான். யாருக்கும் கெடுதல் இல்லை. சத்தம் மட்டும் நன்றாகப் போடும்.

விடியற்காலையில் போய்ப் பதினெட்டுப் பெட்டிகளிலும் அதை அடைத்தார்.

பதினொரு மணிக்கு விருந்தாளி வந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிவித்தார்கள். இயக்குநர் மூன்று வரை எண்ணினார். பதினெட்டு வால்வுகளும் ஒரே குரலில் சீறின. கட்டியிருந்த குதிரை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடியது. விருந்தாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஒரு மாற்றம்! இப்பவே காத்து லேசாயிடுச்சு. உங்களுக்குத் தெரியுதா?" என்று மூச்சை இழுத்தார்.

"நேத்தே கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சுங்க" என்றார் சோவெத்பெக்.

"யாரிவர்?"

"எங்க மெக்கானிக்" என்றார் இயக்குநர். "கொஞ்சம் மெதுவாத்தான் புரியும்."

பதினொரு பேர் கையெழுத்திட்ட பத்திரம் வாசிக்கப்பட்டது: 'பழைய வாயு முழுவதும் மக்கள் முன்னிலையில் வெளியேற்றப்பட்டது. மாவட்டத்தில் மீதம்: பூஜ்யம்.' பிறகு எல்லோரும் ஆட்டிறைச்சி சாப்பிட்டார்கள்.

மறுநாள் சோவெத்பெக் தலைநகரத்துக்குப் போன் செய்தார். மீட்ட வாயுவை வாங்கி அழிக்க அங்கே ஒரு கிடங்கு இருப்பதாகப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு சிலிண்டர் இருக்குங்க. எப்ப எடுத்துக்கறீங்க?"

"எந்த மாவட்டம்?"

"கோக்-தாஷ்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "உங்ககிட்ட பூஜ்யம்னு இருக்கே?"

"அது காகிதத்துலங்க. வாயு இங்க என் பக்கத்துல இருக்கு."

"நாங்க காகிதத்துலேர்ந்துதாங்க எடுப்போம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

சோவெத்பெக் விடவில்லை. நடந்ததை நடந்தபடி, உறிஞ்சிய கணக்கோடும் நைட்ரஜனோடும் சேர்த்து, நான்கு பக்கம் எழுதித் தலைநகரத்துக்கு அனுப்பினார். தலைநகரம் அதை அக்கறையோடு படித்து, 'தக்க நடவடிக்கைக்காக' என்று குறித்து, இயக்குநருக்கே திருப்பி அனுப்பியது.

இதற்குள் இயக்குநருக்கு 'ஓசோன் காவலர்' பட்டம் கிடைத்திருந்தது. கோக்-தாஷ் முறை முன்மாதிரி ஆயிற்று. அடுத்த மாதமே ஏழு மாவட்டங்கள் சந்தைத் திடலில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி வால்வுகளைத் திறந்தன. அங்கெல்லாம் சத்தம் இன்னும் கம்பீரமாக இருந்ததாம். இருக்காதா? அங்கே சோவெத்பெக் இல்லை; போனது அசல் வாயு.

ஒரு வெள்ளிக்கிழமை ரஹத் பட்டறைக்கு வந்தாள். கையில் ஓர் உறை. முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"நான்தாண்ணே டைப் அடிச்சேன். மன்னிச்சுக்குங்க."

"கண்ணாடி கொண்டுவரல. நீயே படி."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்:

"'தடைசெய்யப்பட்ட வாயுவை இரண்டு சிலிண்டர்களில் வைத்திருப்பதாகத் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். ஆதலால், இம்மாவட்டத்தில் ஓசோன் படலத்துக்கு ஆபத்தாக எஞ்சியிருக்கும் ஒரே நபர் தாங்கள் என்பது உறுதியாகிறது. மற்ற அனைவரும் தம்மிடம் இருந்ததை உரிய முறையில் வானத்தில் சேர்த்துவிட்டனர்.'"