இரண்டரைப் பேர் நிற்கும் படம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் படமெடுக்கும்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. எனக்கோ என்னையே எங்கே வைப்பதென்று தெரியாது. அதனால்தான் அண்ணனின் கடைசிப் படத்தைக் கெடுத்தேன்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவருக்கு மிச்சமிருந்த ஒரே கவலை, சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லையே என்பதுதான்.

"ஐசி அடையாள கார்டு படத்த பெருசாக்கி மாலை போட்டுடாதீங்கலா. போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கேன்," என்றார்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றில், அந்தக் காலத்து முறைப்படி கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஒரு சீனப் பெண்ணை அவர் மகள் வாணி கண்டுபிடித்தாள். தகட்டில் மருந்தை ஊற்றி, வெள்ளி கலந்த நீரில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் எண்ணி முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது.

"மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்துட்டியாடி?" என்றார் அண்ணன்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவையை முட்டுக்கொடுத்தார்கள். பக்கத்தில் அண்ணி. நான் வழக்கம்போல் கதவோரம்.

"தம்பி, நீங்களும் வந்து நில்லுங்க," என்றார் அண்ணி. அண்ணனின் மறுபக்கம் போய் நின்றேன்.

"ஜங்கான் கெராக்!" (அசையாதீங்கன்னு அர்த்தம்) என்று மலாயில் சொல்லிவிட்டு, அந்தப் பெண் லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேராக நின்று படமெடுத்தால் நடுவில் இருப்பவர் போய்விடுவார் என்பார்கள். நடுவில் அண்ணன்! (டாக்டரு சொன்னத நம்பாதவன், இத நம்பினேன்.) வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி எதிரில் அதை எப்படிச் சொல்வது? சத்தமில்லாமல் நண்டு போலப் பக்கவாட்டில் நழுவினேன்.

"அங்கிள்!" என்று அலறினாள் அந்தப் பெண்.

இன்னொரு தகடு தயார் செய்வதாகச் சொன்னாள். அதற்குள் அண்ணன் வியர்த்துச் சரிந்துவிட்டார். மறுபடி நிமிர்த்தி உட்காரவைக்க முடியவில்லை.

தகட்டைக் கழுவிக் கொண்டுவந்தாள். சாகப்போகிறவர் சட்டைப் பொத்தான்வரை தெளிவாக இருந்தார். சாகாத நான் வெறும் புகை. என் வயிற்றுக்குள் சுவர் தெரிந்தது.

"ஏன் சித்தப்பா நகந்தீங்க?" வாணி அழுதேவிட்டாள்.

காரணத்தை முணுமுணுத்தேன். அண்ணன் தகட்டை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ரெண்டரை பேருதான்டா இருக்கோம். கணக்குல வராது. பொழச்சிக்குவேன், போ," என்று சிரித்தார். சிரித்த வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. வருகிறவர்கள் புகையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். "இவருதான் எங்க அரைச் சித்தப்பா," என்றுதான் வாணி என்னை அறிமுகப்படுத்துகிறாள். காரில் ஏறினாலும், நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கினாலும் நான் அரை ஆள்தான்.

வீட்டில் இப்போது அண்ணி, வாணி, நான்.

"எத்தன பேருக்கும்மா அரிசி போட?" என்று வாணி கேட்பாள்.

"மூணரை," என்பார் அண்ணி.

நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவன். ஆனாலும் அது இரண்டரை என்று எனக்குத் தெரியும். சொல்லிக்காட்டுவதில்லை. மிஞ்சுகிற ஓர் ஆள் சோற்றை நானே சாப்பிட்டுவிடுகிறேன்.