அம்மா நின்ற வாசகர் வரிசை

புத்தகம் சிபாரிசு செய்பவர்களை நான் நம்புவதில்லை. நானே பல வருடம் அந்த வேலையைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சம்பளம் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது, ஆனாலும் விட முடியாது. சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்கு, "வரலாறும் நாட்டு நடப்பும் தெரிய வேண்டுமானால் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியவை" என்று ஆரம்பிக்கும் வியாதி.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பெண்கள் பெட்டியில் எல்லோரும் ஏதாவது உருப்படியாகச் செய்துகொண்டு வருவார்கள். ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி அவரைக்காய் உரிப்பாள், ஒருத்தி பக்கத்து ஆள் தோளில் தூங்குவாள். நான் மட்டும் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிரிவினையின்போது என்ன நடந்தது தெரியுமா, எண்ணெய்க்காக எத்தனை சண்டை தெரியுமா என்று அவரைக்காய்க்காரியின் உயிரை எடுப்பேன். என்னிடம் இரவல் வாங்கியவர்கள் மறுநாள் வேறு பெட்டியில் ஏறினார்கள். (வாசிப்பு ஒருவரின் வாழ்க்கையை மாற்றும் என்பார்கள். பெட்டியை மாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரைப் பற்றியே ஒரு புத்தகம் வந்தது. தங்கச் சுரங்கம் திறந்தது, மூடியது, நடுவில் எங்கள் தாத்தாக்கள் செத்தது எல்லாம் ஆங்கிலத்தில். பெங்களூரில் பெரிய பெயர் உள்ள எழுத்தாளர். அந்த வருடம் வந்த எல்லா சிபாரிசுப் பட்டியலிலும் புத்தகம் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், விற்பனை கூடிவிடும். நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, உங்களைச் சந்திக்க எங்கள் ஊர் வாசகர்கள் துடிக்கிறார்கள் என்று அவருக்கு மெயில் போட்டேன். எங்கள் ஊர் வாசகர்கள் என்பது நான்தான். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் போட்டார்.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்கவயலில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடு. கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அப்பா அங்கிருந்துதான் ஷிஃப்டுக்குப் போனார், அங்கேதான் இருமி இருமிச் செத்தார். சுரங்கம் மூடிய பிறகும் நாங்கள் அங்கேயே இருக்கிறோம், ஆனால் வீடு எங்கள் பெயருக்கு வரவில்லை. அம்மாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அப்பா பெயருக்குக் கம்பெனி வீடு ஒதுக்கிய அசல் சீட்டு அம்மாவிடம் இருந்தது. புடவைகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். கம்பெனி ஆபீஸையே இழுத்து மூடிவிட்டார்கள் என்பதால் அந்தச் சீட்டுக்கு மறு சீட்டு வாங்க வழியில்லை.

கூட்டத்துக்கு ஆள் வரமாட்டார்களே என்று எனக்குப் பயம். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் சர்ச் ஹாலைப் பிடித்தேன். ஆட்டோவில் மைக் கட்டி, பெங்களூரிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார், நம் ஊர்க் கஷ்டத்தை எல்லாம் எழுதியவர், அனைவரும் வருக என்று லைன் லைனாகச் சொல்ல வைத்தேன். எங்கள் ஊரில் இந்த மைக் ஆட்டோவுக்கு என்ன அர்த்தம் என்று அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கமிஷன் வந்தாலும், சர்வே வந்தாலும், தேர்தலுக்கு முன் யார் வந்தாலும் அதே ஆட்டோ, அதே ஹால். வெளியூர் ஆள் வருகிறார் என்றால் எங்கள் சனங்கள் வீட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்றெல்லாம் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்குத்தான் உலக வரலாறு படிக்கவே நேரம் போதவில்லையே.

ஞாயிறன்று ஹால் நிரம்பி வெளியில் படி வரைக்கும் ஜனம். எழுத்தாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். உங்கள் துயரம் இந்த தேசத்தின் துயரம் என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. விற்பதற்காக நான் வாங்கி வைத்த புத்தகங்களில் ஒன்று கூடப் போகவில்லை, ஆனாலும் எல்லோரும் மேடையைப் பார்த்து நகர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்.

புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் வெறும் தாளிலாவது கையெழுத்து வாங்க வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "தள்ளாதீங்க, வரிசையா வாங்க, சார் எல்லாருக்கும் கையெழுத்து போடுவாரு" என்று நானே அறிவித்தேன். (இதற்கு மேல் ஒருத்தி தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள முடியுமா, தெரியவில்லை.) பேனாவும் நானே கொடுத்தேன். பிறகு டீயும் வடையும் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டேன். அவர் கொண்டுவந்த போட்டோக்காரர் வரிசையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அம்மா மேடையிலிருந்து இறங்கினாள். லைன் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, உன் பொண்ணாலதான் ஆச்சு என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை, நான் வேலைக்குப் போன நாளில் கூட. வாசிப்பின் சுவையை அம்மாவும் கண்டுகொண்டாள் என்று பூரித்துப்போனேன்.

சாயங்காலம் வீட்டில் கறிக் குழம்பு. நான் கேட்காமலே இரண்டாவது கரண்டி ஊற்றினாள். "உங்கப்பா இருந்து பாத்துருக்கணும். இனிமே வூடு நம்மளுதுதான்" என்றபடி பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள்.

உள்ளே அசல் சீட்டு. அப்பா பெயர் மேல், நம்பர் மேல், கம்பெனி முத்திரை மேல், குறுக்கே நீலப் பேனாவில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. 'வரலாறு உங்களுக்கே சொந்தம், அன்புடன்' என்று போட்டு, கீழே நெளிந்து நெளிந்து ஒரு கையெழுத்து.

தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் ஆபீசர் இல்லை, வெறும் எழுத்தாளர், அவர் கையெழுத்து எந்த ஆபீஸிலும் செல்லாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அம்மா சீட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

"ஜெராக்ஸ் குடுத்தா ஒரிஜினல் எங்கன்னு தொரத்துவாங்களேன்னு, இத்த எத்துனு போனேன்டி" என்றாள்.

மற்றவர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், இன்று ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாள். மறுநாள் நான் வழக்கம்போல இருட்டிலேயே ரயிலுக்கு ஓடினேன். நான் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து வீட்டு தேவராஜ் மாமா வேன் பிடித்து லைன் ஆட்களை எல்லாம் வீட்டுப் பட்டா தரும் கோலார் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டு லிஃப்ட் ஓட்டி ஆட்களை இறக்கி ஏற்றியவர், யாரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாது. அம்மாவும் போயிருக்கிறாள். வரமாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

அன்று இரவு தேவராஜ் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆபீஸ்ல எல்லாரும் ரொம்ப நேரம் சிரிச்சாங்க பாப்பா. நாங்களும் கூட சேந்து சிரிச்சிட்டு வந்துட்டோம், வேற இன்னா பண்றது" என்றார்.

மற்றவர்கள் கொண்டுபோனது ஜெராக்ஸ் தாள். அவர்களுக்கு மானம் மட்டும்தான் போனது. அம்மாவுடையது அசல். எழுத்தின் மேல் கிறுக்கிய சீட்டை வாங்க முடியாது, கம்பெனியிலிருந்து சுத்தமான சீட்டு கொண்டுவா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று அம்மா கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். எழுத்தாளருக்கு நான் மெயில் போட்டேன். மனதை உலுக்கிவிட்டது, அடுத்த பதிப்பின் முன்னுரையில் கட்டாயம் குறிப்பிடுகிறேன் என்று எழுதினார்.

அடுத்த பதிப்பு வந்தது. முன்னுரையில் அப்படி எதுவும் இல்லை. நடுவில் ஒரு படம் இருந்தது. அன்றைய வரிசை. 'வறுமையிலும் வரலாற்றை நேசிக்கும் தங்கவயல் வாசகர்கள்' என்று கீழே போட்டிருந்தது. வரிசையின் முன்னால் அம்மா, இன்னும் கையெழுத்து விழாத சீட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பெயர், நம்பர், முத்திரை எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

எனக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. அம்மா பிடுங்கிக்கொண்டாள். என் ஆயுளில் நான் சிபாரிசு செய்து, அம்மா விரும்பிப் பார்த்த ஒரே புத்தகம் அது. "இத்த எத்துனு கோலாருக்குப் போலாம். சீட்டு சுத்தமா இருந்துச்சுன்னு இதுலயே கீதே" என்றாள்.

போனோம். ஆபீஸில் இப்போது வேறு ஆள். படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியவர், நல்ல புத்தகமா என்று கன்னடத்தில் கேட்டார். மகன் அரசுப் பரீட்சைக்குத் தயார் செய்கிறானாம், வரலாறும் நடப்புச் செய்தியும் நிறையக் கேட்பார்களாம்.

இல்லை சார், குப்பை என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு அப்படிப் பழகவில்லை. ரொம்ப நல்ல புத்தகம் சார், அவசியம் படிக்க வேண்டியது என்றேன். அதோடு விடாமல், இதைப் படித்த பிறகு படிக்க வேண்டியது என்று இன்னும் சில பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள். அவர் சந்தோஷமாகப் புத்தகத்தை மேஜை டிராயருக்குள் வைத்தார். எங்கள் வீட்டுச் சீட்டையும் அடையாளத்துக்காகப் படம் இருந்த பக்கத்துக்குள்ளேயே செருகி வைத்து, பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

அடுத்த மாதம் போனபோது அவருக்கு மாற்றல் ஆகியிருந்தது. டிராயர் காலி.

இப்போதும் விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள், வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்பார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்: "வந்துரும். படிக்கக் குடுத்துக்கீறோம்."