மாஸ்டரின் மூச்சுக்கோடு

"சார், மூச்சு விடாதீங்கன்னு சொல்லல. அன்னைக்கு விட்ட மாதிரி விடுங்கன்னுதான் சொல்றேன்."

ஒலிபெருக்கியில் டெக்னீஷியன் பெண்ணின் குரல் கேட்டதும், ஆஸ்பத்திரி மேசையில் மல்லாந்து படுத்திருந்த டிரில் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை 'இழு, நிறுத்து, விடு' என்று ஆட்டிவைத்தவர் அவர். அவருக்கே மூச்சுப் பாடமா?

"இப்ப பாரும்மா" என்று நெஞ்சை நிமிர்த்தி ஓர் இழுப்பு இழுத்தார். வயிற்றின் மேல் வைத்திருந்த சின்னப் பெட்டி ஒரு துள்ளு துள்ளியது. கதிர் மட்டும் பாயவில்லை.

விஷயம் இதுதான். மாஸ்டரின் வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. மூச்சு விட விட அதுவும் மேலும் கீழும் போய்வரும். வயிற்றின் மேலிருக்கும் பெட்டி ஏறி இறங்குவதைக் கூரையிலுள்ள கேமரா பார்த்து, மூச்சை ஒரு கோடாகத் திரையில் வரையும். போன வாரம் ஸ்கேன் எடுத்தபோது பதிவான கோட்டோடு இன்றைய கோடு ஒத்துப்போனால்தான் கட்டியைச் சுடும் கதிர் வரும். கட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத நேரம் பார்த்து நல்ல சதையைச் சுட்டுவிடக் கூடாதே.

வம்பு என்னவென்றால், போன வாரத்துக் கோடு அத்தனை அழகாக அமைந்துவிட்டது. "இருபது நிமிஷம் ஒரே சீரா வந்திருக்கு. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல சார்" என்று அந்தப் பெண் அசந்துபோய்ச் சொன்னாள். மாஸ்டர் அதை அச்சடித்துத் தரச்சொல்லி வாங்கிவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பார்க்க வந்தவர்களிடம் கட்டியைப் பற்றி ஒரு நிமிஷமும் கோட்டைப் பற்றி அரை மணியும் பேசினார்.

"உடம்பை அடக்கி ஆளத் தெரியணும். இத்தனை வருஷத்துல பகல்ல ஒரு நாள் கண்ணசந்திருப்பேனா?"

அவர் மனைவி சோபாவின் கைப்பிடியில் அவர் தலை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் காலை முக்கால் மணி நேரம் முயன்றும் ஒரு பொட்டுக் கதிர்கூட உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார். தொப்புளுக்கு மேலே ஒரு தீப்பெட்டி. மனைவியின் ஒரு கையில் ஸ்கேல், மறு கையில் அவருடைய பழைய விசில்.

"நீ ஒரு தடவை ஊதினா இழுப்பேன். ரெண்டு தடவை ஊதினா விடுவேன்."

"ஏங்க, பக்கத்து வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா அவங்களும் மூச்சு விடட்டும். ஊது."

சாயங்காலத்துக்குள் தீப்பெட்டி ஒழுங்காக ஏறி இறங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் சிக்கல் தெரிந்தது. வயிறு விசிலுக்குப் பழகிவிட்டது. விசில் இல்லாமல் அது எதற்கும் அசைவதாக இல்லை.

"மைக்ல நீ கொஞ்சம் விசில் ஊதேன்மா."

"எங்கிட்ட ஏது சார் விசில்? வேணும்னா நான் எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு..."

அதுதான் வினையாகப் போயிற்று. மாஸ்டரின் காது அந்த எண்ணிக்கையைச் சகிக்கவில்லை.

"குரல்ல அழுத்தம் பத்தலம்மா. வயித்துலேர்ந்து வரணும். ஒண்ணு!" என்று அவரே கத்திக் காட்ட, பெட்டி சரிந்து கீழே விழுந்தது. மேசையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற அட்டெண்டர் வந்து அதை எடுத்து வைத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிஷத்தில் அது மறுபடியும் விழுந்தது.

டாக்டரம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாளைக்கும் கோடு சரியா வரலைன்னா வேற வழியில்ல சார். கட்டி போய்வர்ற இடம் பூராவும் சேத்து அகலமா குடுத்துடலாம். நல்ல நுரையீரலும் கொஞ்சம் அடிபடும்."

"அடிபட்டா?"

"மாடி ஏறினா மூச்சு வாங்கும்."

"விசில் ஊதலாமா?"

"கஷ்டம்தான்."

தினமும் காலையில் பூங்காவில் இருபது பெரியவர்களை விசில் ஊதி ஓடவிடுகிறவர் மாஸ்டர். கட்டி என்று சொன்ன அன்றுகூட அவருக்குப் பயம் வரவில்லை. இப்போது வந்தது.

ஆனாலும் டிரில் மாஸ்டர் டிரில் மாஸ்டர்தான். மூன்றாம் நாள் விடிந்ததும் தீப்பெட்டியோடு தரையில் படுத்துவிட்டார். அன்றைக்குக் காலை நேரம் வேறொருவருக்குப் போய்விட்டதால், இவரை மதியம் இரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பதினோரு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்த மனைவி, விசிலைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பயிற்சி எல்லாம் போதும். வயிறார சாப்பிட்டுக் கிளம்புங்க."

டெக்னீஷியன் பெண்ணும் ஒரு முடிவோடுதான் இருந்தாள். "இன்னைக்கு நான் எண்ணப்போறதில்ல சார். மைக்கையே மூடிடுறேன். நீங்களாச்சு, உங்க மூச்சாச்சு."

அட்டெண்டர் போர்வையை இழுத்துவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போனார். கனத்த கதவு மூடியது. மாஸ்டர் கண்களை மூடி மனதுக்குள் அணிவகுப்பைத் தொடங்கினார். இழு. நிறுத்து. விடு. இழு...

"சார், முடிஞ்சுது. எறங்குங்க."

கண்ணைத் திறந்தால் அட்டெண்டர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டெக்னீஷியன் பெண் ஓட்டமாக உள்ளே வந்தாள்.

"கதிர் ஒரு தடவைகூட நிக்கல சார்! போன வாரக் கோட்டு மேல இதை வெச்சா ரெண்டும் ஒண்ணாவே இருக்கு."

பின்னாலேயே வந்த டாக்டரம்மா சிரித்தார். "அகலப்படுத்த வேண்டிய அவசியமே இல்ல. இன்னும் நாலு நாள் இதே மாதிரி செஞ்சாப் போதும். விசிலைத் தயாரா எடுத்து வையுங்க, ஊதலாம்."

வாசலில் நின்ற மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாம் பயிற்சி. எப்படிச் செஞ்சேன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தரேன் டாக்டர். மத்தவங்களுக்கும் உதவுமில்ல?"

"கண்டிப்பா குடுங்க சார்."

போர்வையை மடித்துக்கொண்டிருந்த அட்டெண்டர் நிமிர்ந்தார்.

"எழுத என்ன சார் இருக்கு, ஸ்கேன் எடுத்த அன்னைக்கும் இதே ரெண்டு மணிதான், இதே குறட்டைதான், அன்னைக்கும் நான்தானே உங்களைத் தட்டி எழுப்பினேன்."