எக்கோ அய்யாவும் என் இரண்டு பெட்டிகளும்

தேவி, குமரா, பல்கலைக்கழக விழாவுக்கு ஏன் இப்போதெல்லாம் நம் மைக் செட்டைக் கூப்பிடுவதில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஒரு மனிதரின் கதை. எக்கோ வைக்காமல் கொடுத்தால் எந்தப் பட்டமும் செல்லாது என்று நம்பிய துணைவேந்தர் இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான். எங்கள் தொழிலில் அவருக்கு எக்கோ அய்யா என்றே பெயர்.

நான் பத்தாவதோடு நின்று, ஆலங்குடியில் மைக் செட் போட்ட புதிது. அவர் அப்போது திருமயம் பக்கம் ஒரு கல்லூரியில் செடி கொடி பாடம் நடத்தும் வாத்தியார். ஆண்டு விழாவில் பேச எழுந்து வணக்கம் என்றார். முந்தின நாள் கோயில் திருவிழாவுக்கு வைத்த எக்கோ அப்படியே இருந்தது. வணக்கம், ணக்கம், க்கம் என்று போனதும் கூட்டம் சிரித்தது. முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். அடி விழும் என்றே நினைத்தேன்.

"இத்தன வருசமா பாடம் நடத்துறேன்ப்பா. நான் சொன்னத ஒரு பய திருப்பிச் சொன்னதில்ல. ஒன் பெட்டி மூணு தடவ சொல்லுது" என்றார்.

அன்றிலிருந்து அவர் பதவியில் ஏற ஏற எனக்கும் ஸ்பீக்கர் பெட்டி கூடியது. கல்லூரி முதல்வர் ஆனதும் பரீட்சை ஹாலிலேயே எக்கோ வைக்கச் சொன்னார். பேசாதே என்று ஒரு தடவைதான் சொல்வார். பேசாதே, சாதே, தே என்று அது அடங்குவதற்குள் பையன்கள் ஒரு கேள்விக்கு விடையைக் கேட்டு எழுதி முடித்திருப்பார்கள். துணைவேந்தர் ஆனதும் பட்டமளிப்பு விழா. வடக்கேயிருந்து வந்த விருந்தினர், தன் குரலே திரும்பி வருவதை யாரோ பதில் சொல்வதாக எண்ணி, மரியாதையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் போட்டார்கள். பதிவாளர் என்னை முறைத்தார். அய்யா மட்டும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெண்கள் விடுதியில் தண்ணீர் வராமல் போனது. பிள்ளைகள் அய்யாவின் அலுவலகத்துக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். அய்யாவுக்கு மறுபடியும் அந்தப் பதவியைக் கொடுக்கலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பிள்ளைகள் கத்துவது மாடிக்குச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு வா என்றார்.

பிள்ளைகளுக்கு அய்யா பதில் பேசுவதற்குத்தான் என்று நினைத்துக் கிளம்பினேன். வாசலிலேயே பதிவாளர் வண்டியை மறித்தார்.

"இதுகளுக்கு மைக் கட்டுனே, இந்த கேம்பஸ்ல ஒனக்கு இனிமே ஆர்டர் கெடையாது. பாத்துக்க."

நம் வீட்டுச் சோற்றில் பாதி அந்த ஆர்டர்தான் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இறங்குவதா, வண்டியைத் திருப்புவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அய்யா மாடியிலிருந்து இறங்கி வந்து, வண்டியில் இருந்த பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். துணைவேந்தர் ஒரு பக்கம் தூக்கும்போது மறுபக்கத்தைப் பிடிக்காமல் எப்படி இருப்பது? பிடித்தேன்.

"அய்யா, இது ஒங்களத் திட்டுறதுக்குங்களா?"

"பெறகு? நல்லாத் திட்டட்டும்."

"எக்கோ வக்கவாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "வேணாம்ப்பா. புள்ளைக தொண்ட காஞ்சு கெடக்குதுக. ஒரு தடவ சொன்னாப் போதும், எனக்குக் கேக்கும்."

பிள்ளைகளுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தார். கறம்பக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மைக்கை வாங்கினாள். அதுவரை தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"சார், கோவிச்சிக்காதீங்க சார். துணைவேந்தர் ஒழிக."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

பிறகு அவள் சொன்னாள், குளிக்க வழியில்லாமல் வகுப்புக்குப் போவதை, குடிக்கவே குடம் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதை. ரோட்டில் போன புதுக்கோட்டை பஸ் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. அந்த வாரமே விடுதியில் புது போர்வெல் இறங்கியது. அய்யாவுக்குப் பதவி மறுபடி கிடைக்கவில்லை. பதிவாளரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அய்யா விவரம் தெரிந்து செய்தாரா, விவரம் இல்லாமல் செய்தாரா? கிறுக்கு என்றார்கள் சிலர். நாடகம் என்றார்கள் சிலர். அவரிடமே கேட்டேன், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அன்றைக்கு. "எனக்குங் கொழப்பமாத்தான்ப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தோட்டத்துச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று என்னைக் கேட்டார்.

போன லீவில் அந்தப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் பெட்டி இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். விடுதிச் சுவருக்கு வெளியே ஒரு குழாய் இருக்கிறது. வண்டியை நிறுத்தித் திறந்தேன். தண்ணீர் வந்தது. இரண்டு கை அள்ளிக் குடித்தேன். பிறகு ஒரு சொட்டுக்கூட ஒழுகாதபடி இறுக்கி மூடிவிட்டு, வண்டியை எடுத்தேன்.