ராஜாவின் பாதி மீசை

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலிருந்து லிஃப்ட் மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நெஞ்சுக்கு முன்னால் தொப்பை வந்து சேர்ந்தது.

தையல் மெஷினில் இருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"பிள்ளைங்க பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடறதில்லையாம். ஆசைக்குப் படிக்கிறதே போச்சாம். நான் எழுந்து நின்னேன்."

"ஐயையோ!"

"அடுத்த கூட்டத்துக்குள்ள என் பொண்ணு தானா ஒரு புத்தகத்தை எடுத்துப் படிப்பா, அது என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். ஒரே கைதட்டல்."

"நீங்க கடைசியா எப்போ புத்தகத்தைக் கையில எடுத்தீங்க?"

"ஏன், போன வாரம்கூட..."

"அது லிஃப்ட் கம்பெனிக்காரன் கொடுத்தது. அதையும் கரப்பான் அடிக்கத்தான் எடுத்தீங்க."

மானம் போகும் நேரத்தில் ஆண்பிள்ளை பந்தயம் கட்டுவான். அவரும் கட்டினார். மூன்றாம் வகுப்பு மகள் தானாகப் படித்துவிட்டால், இனி அவர் பத்துப்பாத்திரம் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். படிக்காவிட்டால் இப்போது தேய்க்கிற ராத்திரிப் பாத்திரத்தோடு காலைப் பாத்திரமும் அவர் தலையில். மனைவி யோசிக்காமல் "சரி" என்றாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

அவருடைய திட்டம் தொழிலில் கற்றது. லிஃப்ட் ஒழுங்காக ஓடும்வரை உள்ளே இருப்பவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் கதவின் மேல் உயிரையே வைப்பான். கதையையும் நடுவில் நிறுத்தினால் குழந்தை தவித்துப்போய்ப் புத்தகத்தின் மேல் பாயும்.

ஒரு புத்தகம் வாங்கி வந்தார். ராஜா காலையில் கண்ணாடி பார்க்கிறார். மீசையில் பாதியைக் காணோம். திருடியது யார்? மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தார். ராஜாவுக்கு அடிவயிற்றிலிருந்து பேசினார். அரண்மனைக் கிளிக்கு மூக்கால் பேசினார். தளபதி கிளிக்கூண்டைத் திறந்தான். உள்ளே...

பட்டென்று மூடி மேஜைமேல் வைத்தார். ஒரு கொட்டாவியும் விட்டார்.

"சரிப்பா" என்று மகள் விளையாடப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் முதலிலிருந்து வாசித்து அதே கூண்டில் நிறுத்தினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவரும் தாண்டிப் படிக்கவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் குரலில் தவிப்பு வராது என்று ஒரு கொள்கை. தவிப்பு வந்தது. மகளுக்கு அல்ல.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, கனத்த மனிதர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினார். மெக்கானிக் இடுக்கு வழியாகக் குனிந்தார்.

"சார், ஒரு கிளியால மீசையைக் கத்தரிக்க முடியுமா?"

உள்ளே இருந்தவர் அபாய மணியை விடாமல் அழுத்தத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போனார். புத்தகம் இல்லை.

"என்னத்தைத் தேடறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான்."

"சும்மாவா மெத்தையைப் புரட்டறீங்க?"

"அந்தப் புத்தகம்..."

"பாப்பா எடுக்கணும்னுதானே வெச்சீங்க?"

"பாப்பா கிடக்கட்டும்! கூண்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மனைவி மெஷின் டிராயரை இழுத்துப் புத்தகத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"இதை அவ முதல் நாளே முடிச்சுட்டா. நீங்க லிஃப்டை நிறுத்தினா என்ன, அவ மாடிப்படியில ஏறிப் போயிட்டா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வாசிக்கமாட்டீங்களேப்பா" என்றாள் மகள். "கிளி மூக்கால பேசறது புத்தகத்துல இல்ல."

அவர் மகளின் தலையைத் தடவினார். தடவிய கை அப்படியே மேலே உயர்ந்தது.

"அப்போ பந்தயத்துல ஜெயிச்சது நான்!"

"நீங்கதான். இனிமே பாத்திரத்தைத் தொடாதீங்க. நான் தேய்ப்பேன், பாப்பா பக்கத்துல நின்னு படிப்பா. சமையலறையில ரெண்டு பேருக்குத்தான் இடம். நீங்க ஹால்ல கால் நீட்டி உட்காருங்க."

கால் நீட்டி உட்கார்ந்தார். உள்ளே குழாய்ச் சத்தம். நடுவே இரண்டு பேர் சிரிப்பு. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாம். படிக்கிற குழந்தையிடமிருந்து பிடுங்கினால் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கைதட்டல் என்னாவது?

எழுந்து போய் மனைவியின் கையிலிருந்த தேய்க்கும் நாரை வாங்கினார்.

"ஜெயிச்சவர் எதுக்குங்க பாத்திரம் தேய்க்கணும்?"

"நகரு நீ. பாப்பா, கூண்டைத் திற."

கூண்டு காலி. அடுத்துச் சந்தேகப்பட்ட அரண்மனை நாவிதரும் நிரபராதி. பாத்திரம் குறையக் குறையக் கதையும் குறைந்தது. கடைசித் தட்டைக் கவிழ்க்கும்போது காணாமற்போன மீசை கிடைத்தது: ராணியின் தையல் பெட்டியில். அரண்மனை முழுக்கத் தெரிந்த சங்கதி. ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மகள் புத்தகத்தை மூடினாள்.

"அடுத்தது பெரிய புத்தகம்ப்பா. காலைப் பாத்திரமும் வேணும்."